காலி மனைக்கு மூன்று மார்க்

அத்தியாயம் 14

சமையலறை மேசையில் கிடந்த அந்தத் தாளை மருமகள் தெரியாமல்தான் பார்த்தாள் என்று போன வாரமே எழுதிவிட்டேன். இல்லை, வேண்டுமென்றே பார்த்தாள் என்று சண்டைக்கு வந்திருக்கும் வாசகர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். உப்பு ஜாடிக்கு அடியில் ஒரு தாள். அதில் சிவப்பு மையில் வட்டம் போட்டு ஒரு மூன்று. உப்பை எடுக்க வருகிறவள் கண்ணை மூடிக்கொண்டா எடுப்பாள்?

பத்துக்கு மூன்று. மூன்று வருட உழைப்புக்கு வருடத்துக்கு ஒன்று வீதம் வருகிறது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டு மாமியார் இருபத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தியவர். இன்றும் தெருவில் எல்லாருக்கும் டீச்சர்தான், கட்டியவருக்கும் டீச்சர்தான். வேலையை விட்ட பிறகு கை சும்மா இருக்கவில்லை. மகன் விட்டுப் போன வீடியோ கேம்களை ஆடத் தொடங்கினார், ஆடியதைத் திருத்தத் தொடங்கினார். ஆறு வருடமாக 'சிவப்பு மை' என்ற பெயரில் ஒரு பத்திரிகையில் வாராவாரம் மார்க் போடுகிறார். அந்தப் பெயரைக் கேட்டால் கேம் செய்கிறவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மருமகள் கேம் செய்கிறவள். மாமனார் குழாய் வேலை செய்கிறவர். மகன் வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். வாரம் இரண்டு முறை போனில் வந்து, அம்மா சொல்வதற்கும் தலையாட்டி, மனைவி சொல்வதற்கும் தலையாட்டிவிட்டுப் போவான்.

மருமகள் செய்த கேமுக்குப் பெயர் 'காலி மனை'. சாண்ட்பாக்ஸ் என்று சொல்வார்களே, அந்த வகை. எதிரி கிடையாது, ஓட்டப்பந்தயம் கிடையாது, ஜெயித்தாய் தோற்றாய் என்ற பேச்சே கிடையாது. கொஞ்சம் நிலம், மழை, கல், மரம், குழாய், கம்பி எல்லாம் கொடுத்து, உனக்குத் தோன்றியதைக் கட்டிக்கொள் என்று விட்டுவிடும்.

"என் மருமகள் செஞ்சது. வேற யார்கிட்டயாவது குடுங்க" என்று டீச்சர் பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லிப் பார்த்தார். "அடியில ஒரு வரி அதையும் போட்டுடுங்க, போதும்" என்றார் ஆசிரியர். அடியில் ஒரு வரி போடப்போகிறோம் என்றதும் டீச்சருக்குப் பயம் வந்துவிட்டது. வீட்டு ஆளுக்குச் சலுகை காட்டினார் என்று நாளைக்கு ஒருவர் சொல்லிவிட்டால்? அதனால் பேனாவைக் கொஞ்சம் அழுத்தியே பிடித்துவிட்டார். நேர்மையானவர்களிடம் இது ஒரு தொல்லை.

விமர்சனம் இன்று மதியம் மூன்று மணிக்குப் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் வரும்.

காலை எட்டு மணி. வீட்டில் கேம் பேச்சு கூடாது என்பது கல்யாணமான முதல் வாரமே மூன்று பேரும் போட்டுக்கொண்ட சட்டம். காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த மருமகள் அந்தச் சட்டத்தை உடைத்தாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கலாமா?"

"கேம் பத்தின்னா கேக்காதே."

"பத்துக்கு மூணு."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். "உப்பு ஜாடிய நகர்த்தியிருக்கே."

"கதைக்கு மூணு மார்க், அதுல முட்டை. சவாலுக்கு ரெண்டு, முட்டை. முடிவுக்கு ரெண்டு, அதுலயும் முட்டை. இந்த கேம்ல கதையே கிடையாது அத்தை. கேக்காத கேள்விக்கு எப்படி முட்டை போட்டீங்க?"

"பதில் எழுதாத இடத்துல முட்டைதான். இருபத்தஞ்சு வருஷமா அப்படித்தான் போட்டிருக்கேன்."

"ஓவியப் பரீட்சை எழுதின பொண்ணோட தாள, கணக்குப் பேப்பர் விடைய வச்சுத் திருத்தியிருக்கீங்க."

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆனால் வகுப்பறையில் சுருக்கென்றதைக் காட்டிக்கொண்டால் இருபத்தைந்து வருடம் தள்ளியிருக்க முடியுமா?

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன். ஒருத்தன் ஓட்டல் திறக்கறான். பசியோட உள்ள போறேன். காலித் தட்டையும் அடுப்பையும் காட்டி, வேணுங்கறத நீயே சமைச்சுக்கோங்கறான். நல்லா வந்தா அவன் ஓட்டலுக்குப் பேரு. வரலைன்னா எனக்குக் கற்பனை பத்தலைம்பான். இந்த ஓட்டலுக்கு நான் எத்தனை மார்க் போடணும்?"

மருமகளுக்குக் கோபத்தின் நடுவிலும் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அப்படிப்பட்ட ஓட்டல்கள் அவள் தொழிலில் நிறைய உண்டு.

"அடுப்பு எப்படி எரியுதுன்னு பாத்துப் போடணும். கத்தி வெட்டுதான்னு பாத்துப் போடணும்."

"பாத்தேனே. அதான் கைவேலைக்கு மூணுக்கு மூணு குடுத்திருக்கேன். அந்த மூணும் அந்த ஊரைக் கட்டினவருக்கு. உங்க ஆளுங்கள்ல யாரோ தெரியல, கையெடுத்துக் கும்பிடலாம். அவ்வளவு அழகா ஒரு ஊரைக் கட்டத் தெரிஞ்ச நீங்க, மிச்ச நிலத்தை ஏன் அப்படியே போட்டு வச்சிருக்கீங்க? அதைத்தான் சோம்பேறித்தனம்னு எழுதினேன்."

"எந்த ஊரு?"

"உங்க கேம்ல இருக்கற ஊரு."

"எங்க கேம்ல ஊரே கிடையாது அத்தை."

கூடத்தில் பையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த குழாய்க்காரரின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி அவர் காலிலேயே விழுந்தது. வலித்திருக்கும். ஆனால் சத்தமே வரவில்லை. "பேக்கரில பைப்பு ஒழுகுதாம், போயிட்டு வந்துடறேன்" என்று நொண்டிக்கொண்டே வெளியேறிவிட்டார்.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றார் டீச்சர்.

"வேற ஏதோ கேமைப் பாத்திருக்கீங்க."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆறு வருடத்தில் ஒரு பிழைக்குக்கூடத் திருத்தம் கேட்டு யாரும் எழுதியிராத டீச்சருக்கு முகம் இறுகிவிட்டது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மருமகளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் இறங்கும்போது வழக்கம்போல் இடப்பக்கத் தண்ணீர் வால்வில் முழங்காலை இடித்துக்கொண்டாள்.

"அந்த வால்வைப் பேத்து வேற எங்கயாவது வைங்கன்னு எத்தனை வருஷமா சொல்றேன்" என்று அறைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

ஒரு விஷயத்தை மருமகள் அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் மார்க்குக்குக் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும் என்று மென்று விழுங்கிவிட்டாள். அவளுடைய ஸ்டூடியோ முதலாளி காற்றடிக்கிற பக்கம் சாய்கிற மனிதர். சிவப்பு மை ஐந்துக்குக் கீழே போட்டால், 'காலி மனை'யைத் திருத்தி எழுதுவது என்று முடிவு செய்து வைத்திருந்தார். இருபது லெவல், லெவலுக்கு ஒரு வில்லன், கடைசியில் ஒரு தங்கக் கோப்பை. நாலு மணிக்கு மீட்டிங். அதோடு அவளுடைய நிலம் போய்விடும்.

ஸ்டூடியோவில் அவள் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்டாள். ஊர் எதையும் உள்ளே வைத்தாயா? யாரும் வைக்கவில்லை. ஒன்றரை மணிக்கு மாமனாருக்குப் போன் போட்டாள்.

அவர் பேக்கரியின் பின்கட்டில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார்.

"மாமா, ஒரு உதவி. அத்தை எந்த கேமை ஆடிட்டு மார்க் போட்டாங்கன்னு மெதுவாப் பாத்துச் சொல்ல முடியுமா? ஏதோ ஊருங்கறாங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியல."

"ஊரா?" என்றார் குழாய்க்காரர், மிகவும் அப்பாவியாக.

"மூணு மணிக்கு அது வெளிய வந்துடும் மாமா. மார்க் அஞ்சுக்குக் கீழ வந்தா, நாலு மணி மீட்டிங்குல முதலாளி என் நிலத்துல வில்லனையும் தங்கக் கோப்பையையும் இறக்கிடுவாரு." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "அத்தை ஆடிப் பாத்துட்டுப் பிடிக்கலைன்னு சொல்லட்டும், நான் பேசாம வாங்கிக்கறேன். ஆடாத கேமுக்குப் போட்ட மார்க்குல என் கேம் போகக் கூடாது இல்ல?"

குழாய்க்காரர் போனை வைத்துவிட்டு அப்படியே படுத்திருந்தார். முகத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அவர் சட்டைப் பையில் ஒரு காலண்டர் தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பின்பக்கத்தில், மனைவியின் விமர்சனத்திலிருந்து ஒரு பத்தியை மட்டும் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். உப்பு ஜாடியை நகர்த்திய முதல் ஆள் மருமகள் இல்லை என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். மூன்று நாளாக அந்தத் தாள் அவரோடு எல்லா வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்தது. வேலைக்கு நடுவே எடுத்துப் படித்துக்கொள்வார்.

சொல்லிவிட்டால் மருமகள் பிழைப்பாள். ஆனால் அந்தப் பத்தி போய்விடும். கல்யாணமான முப்பத்திரண்டு வருடத்தில் மனைவியிடமிருந்து முதல் முறையாகக் கிடைத்த பாராட்டு அது.

அதற்காகப் பாதியில் எழுந்து ஓடிவிடவில்லை. ஒழுகுகிற இணைப்பை அப்படியே விட்டுப் போனதாக அவர் சரித்திரத்தில் கிடையாது. டேப்பு சுற்றி, முறுக்கி, தண்ணீர் திறந்து, விரலால் தடவிப் பார்த்து, ஈரமில்லை என்று உறுதியான பிறகுதான் சைக்கிளை எடுத்தார். மணி இரண்டு பத்து. நொண்டிக் காலோடு அவர் மிதித்த வேகத்தைத் தெருவே திரும்பிப் பார்த்தது.

"டீச்சர், வாசலுக்கு வா."

"வேலையா இருக்கேன்."

"ஒரு நிமிஷம் வந்துட்டுப் போ."

டீச்சர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்தார். குழாய்க்காரர் சட்டைப் பையைத் துழாவினார். காலண்டர் தாளை எடுத்து நீட்டினார். டீச்சர் கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

'இந்த ஊரைக் கட்டிய கை யாருடையது என்று தெரியவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடப்பக்கம், முழங்கால் உயரத்தில் ஒரு வால்வு இருக்கிறது. உள்ளே குழாய் உடைந்தால் வீட்டுக்காரர் பதறி ஓடிவந்து, இருட்டில்கூடத் தேடாமல் மூடிவிடலாம். யாரும் கவனிக்காத இடத்தில் இத்தனை அக்கறை வைத்த அந்த மனிதருக்கு என் வணக்கம்.'

"நான் எழுதினது. இதை எதுக்கு நீங்க பாத்து எழுதி வச்சிருக்கீங்க? ரெண்டு எழுத்துப் பிழை வேற."

அவர் கையிலிருந்த ஸ்பேனரால் வாசலைக் காட்டினார். இடப்பக்கம், முழங்கால் உயரத்தில், முப்பத்திரண்டு வருடமாக டீச்சர் திட்டிக்கொண்டே தாண்டிப் போகும் அந்த வால்வு.

டீச்சர் வால்வைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். கடைசியில் கணவரைப் பார்த்தார்.

"நீங்களா?"

"நீ தங்கச்சி வீட்டுக்குப் போன நாலு நாள்ல. நீங்க ரெண்டு பேரும் அதுல அப்படி என்னதான் பாக்கறீங்கன்னு உன் கம்ப்யூட்டரைத் திறந்தேன். வெறும் மனையா கெடந்துச்சு. தண்ணி வசதியே இல்ல. மனசு கேக்கல."

டீச்சருக்கு எல்லாம் வரிசையாக விளங்கியது. முதல் நாள் ஐந்து நிமிடம்தான் ஆடினார். தங்கைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது, போட்டது போட்டபடி கிளம்பிவிட்டார். திரும்பி வந்து 'தொடர்க' என்ற பொத்தானை அழுத்தினார். எதிரே ஒரு முழு ஊர். தண்ணீர்த் தொட்டி, மேட்டுத் தெரு, பள்ளத் தெரு, மூன்றாவது மாடிவரை குழாய். கேம் தானே கதவைத் திறந்து ஊரைக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

"ஏன் சொல்லல நீங்க?"

"நான்னு தெரியாம எழுதினே. தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பியா?"

டீச்சர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "மாட்டேன்" என்றார். விரல் விட்டுக் கணக்குப் போட்டு, "அந்த மூணு மார்க்கும் உங்களோடதுன்னா, அவ கேமுக்கு முட்டைதான் மிச்சம்" என்றார்.

"அதான் இல்ல." குழாய்க்காரர் இப்போது நிமிர்ந்து நின்றார். "முப்பத்தஞ்சு வருஷமா பைப்பு போடறேன், நான் சொல்றேன் கேளு. அதுல தண்ணி பள்ளத்துக்குத்தான் ஓடுது. மேட்டுக்கு ஏத்தணும்னா டேங்க் கட்டித்தான் ஆகணும். ரெண்டு தடவை ஏமாத்திப் பாத்தேன், ஏமாறல. ஒரு இணைப்பு சரியில்லைன்னா ஒழுகுது. தண்ணிய அவ்வளவு யோக்கியமா ஓட விட்டிருக்கா அந்தப் பொண்ணு. அவ குடுத்த தண்ணி இல்லாம என் ஊரு ஏது? அதுக்கு மார்க் போட உன் தாள்ல கட்டமே இல்ல, டீச்சர்."

பிறகு நாலு மணி மீட்டிங்கையும் வில்லனையும் தங்கக் கோப்பையையும் சொன்னார். டீச்சர் ஆடிப்போய்விட்டார். காலையில் மருமகள் இதில் ஒரு வார்த்தை பேசவில்லையே என்பதுதான் அவரை அதிகம் வருத்தியது.

மணி இரண்டு நாற்பது. டீச்சர் ஆசிரியருக்குப் போன் போட்டார்.

"என் விமர்சனத்தை எடுத்துடுங்க. தப்பு."

"மேடம், இருபது நிமிஷம்தான் இருக்கு. பக்கம் காலியா போகுமே."

"போகட்டும். பொருத்தமாத்தான் இருக்கும். நான் சொல்றதை மட்டும் எழுதிக்குங்க."

ஆறு வருடத்தில் பிறர் பிழையை மட்டுமே எழுதிய அந்தக் குரல், நிறுத்தி நிதானமாகத் தன் பிழையைச் சொன்னது. 'இந்த வாரம் மார்க் இல்லை. விளையாடியவர் கட்டிய ஊரை, கேம் செய்தவர்கள் கட்டியது என்று நினைத்துவிட்டேன். அவர்கள் கொடுத்த நிலத்தைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். கதை சொல்ல வராத விளையாட்டிடம் கதை எங்கே என்று கேட்டேன். பிழை என்னுடையது. நானே ஒன்றைக் கட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் மார்க் போடுகிறேன்.'

"அவ்வளவுதானா மேடம்?"

"வால்வு பத்தி ஒரு பத்தி இருக்கு. அது மட்டும் இருக்கட்டும். அடியில ரெண்டு வரி போடுங்க. கேம் செஞ்சது என் மருமகள். ஊரைக் கட்டினது என் கணவர்."

ஆசிரியர் எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தார். "இது விமர்சனப் பக்கமா, உங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகையா மேடம்?"

குழாய்க்காரர் அங்கே நிற்கவில்லை. வாசலில் குனிந்து, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு வந்ததைப் படித்திருந்த மருமகள் ஆறு மணிக்கு வீடு திரும்பினாள். வாசலில் நின்று அந்த வால்வை முதல் முறையாக நிதானமாகப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

மீட்டிங்கில் நடந்தது வேடிக்கை. ஐந்துக்குக் கீழே வந்தால் வில்லன், மேலே வந்தால் வில்லன் இல்லை என்று முதலாளியிடம் சட்டம் இருந்தது. மார்க்கே வராவிட்டால் என்ன செய்வது என்று அவரிடம் சட்டம் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டார்.

அறையில் டீச்சர் கம்ப்யூட்டர் முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். திரையில் புது மனை, வெறும் நிலம், மேலே லேசான மழை. ஓர் ஓரத்தில் கோணலாக ஒரு சுவர். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு குழாய்க்காரர்.

"அங்க வேணாம் டீச்சர். பள்ளம். மழை பெஞ்சா உள்ள வந்துடும்."

"பரீட்சை ஹால்ல பேசக் கூடாது."

மருமகள் கதவருகே நின்றாள். டீச்சர் திரும்பாமலே பேசினார். "நான் கேட்ட ஓட்டல் கேள்வி அப்படியேதான் இருக்கு. இந்த ஒரு சுவருக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு. எதை எப்படி எடுக்கணும்னு உன் கேம் வாயே திறக்க மாட்டேங்குது. அதுக்கு மார்க் வெட்டுவேன்."

"வெட்டுங்க அத்தை. அதுக்கு வெட்டினா நியாயம்."

"மழைச் சத்தம் நல்லா இருக்கு" என்றார் டீச்சர், கொஞ்சம் மெதுவாக.

மருமகள் கட்டிப் பிடித்துக்கொள்ளலாமா என்று ஓர் அடி எடுத்து வைத்தாள். அதற்குள் போனில் மெசேஜ் வந்தது. முதலாளி.

படித்தாள். முகம் மாறியது. மறுபடி படித்தாள்.

"என்னம்மா?" என்றார் குழாய்க்காரர்.

"மூணு மணிக்கு வந்ததைப் படிச்சாராம். உங்க ஊரை கேமோட தொடக்கத்துலயே வைக்கணுமாம். யார் திறந்தாலும் முதல்ல அந்த ஊருதான் தெரியணுமாம். நாளைக்குக் காலைல உங்க சம்மதத்தோட வரச் சொல்றாரு."

"யார் திறந்தாலுமா?" குழாய்க்காரரின் முகம் மலர்ந்தது. "அப்ப மேட்டுத் தெருவுல குழாய் திரும்பற இடத்துல ஒரு எல்போ சரியா உக்காரல, அதை மாத்திடணும். இரு, பையனுக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துடறேன்." கால் வலியை மறந்து கூடத்துக்கு ஓடினார். "டேய், விஷயம் தெரியுமா" என்று அவர் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

மருமகள் குரலைத் தாழ்த்தினாள். "அத்தை, அந்த ஊரை வச்சா யாருக்கும் வெறும் நிலம் கிடைக்காது. வில்லன் வந்தாலும் என் கேம் போச்சு, மாமா ஊரு வந்தாலும் போச்சு. வேணாம்னு மாமாகிட்ட யாராவது சொல்லணும்."

டீச்சரின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. கூடத்தில் குழாய்க்காரர் மகனிடம் தன்னைப் பற்றிய பத்தியை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.

"நீயே சொல்லிக்கோம்மா" என்றார் டீச்சர். "முப்பத்திரண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் அவருக்கு மார்க் போட்டிருக்கேன். அதை என் கையால என்னால வெட்ட முடியாது."